இணைப்பை மறைக்காத நாற்காலி

நல்ல நாற்காலியைச் செய்கிறவர் நல்ல மனிதராகவும் இருந்தாக வேண்டுமா? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்விக்குப் புனித அக்குவினா தோமையார் சொல்லும் விடை, முதன்முறை கேட்பவரைச் சற்றுத் திடுக்கிடச் செய்யும். கைவினை என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய நேரிய அறிவு என்கிறார் அவர். கணித ஆசிரியர் கோபத்தில் இருந்தாலும் மகிழ்ச்சியில் இருந்தாலும் அவர் நிறுவும் உண்மை உண்மைதான். அதுபோலவே, எந்த மனநிலையோடு வேலை செய்தார் என்பதற்காக அன்று, செய்த பொருளின் தரத்திற்காகவே தச்சர் தச்சர் என்ற முறையில் பாராட்டப்படுகிறார். அப்படியானால் திறமை வேறு, அறம் வேறு என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடலாமா?

தோமையார் அங்கே நிறுத்திவிடவில்லை. திறமை ஒருவருக்கு நல்ல வேலையைச் செய்யும் ஆற்றலைத் தருகிறது. அந்த ஆற்றலை அவர் பயன்படுத்துவார் என்பதற்கு அது உறுதி தருவதில்லை. நன்றாகச் செய்யத் தெரிந்தவரே வேண்டுமென்று மோசமாகவும் செய்யலாம். அவரை நம்பகமான வேலை செய்யத் தூண்டுவது நீதி என்னும் நற்பண்பே என்று அவர் முடிக்கிறார். நீதி என்பது பிறருக்கு உரியதைப் பிறருக்குக் கொடுப்பது. ஆகவே ஒரு மர இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. யாருக்கு என்ன கடன் என்னும் கேள்வியும் ஆகும். இக்கட்டுரை அந்தக் கடனைப் பற்றியது.

தமிழருக்கு டென்மார்க்கு அறியாத நாடு அன்று. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் அந்நாட்டுக் கொடி பறந்தது. அதே சிறிய நாடு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகுக்கு வேறொன்றைத் தந்தது. அது மரத்தாலான சாய்வு நாற்காலி. கோபன்ஹேகன் நுண்கலைக் கழகத்தில் 1924-ஆம் ஆண்டு மரச்சாமான் வடிவமைப்புக்கென ஒரு துறை தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பேற்ற கோரே கிளிண்ட், அலங்காரத்திலிருந்து தொடங்காமல் மனித உடலிலிருந்து தொடங்கினார். அமரும்போது முழங்கால் எந்த உயரத்தில் இருக்கிறது, முதுகு எங்கே தாங்கலைத் தேடுகிறது, முழங்கை எங்கே இளைப்பாறுகிறது என்று மாணவர்களை அளக்கச் சொன்னார். பழைய நாற்காலிகளையும் அளந்து, ஏன் அவை நிலைத்தன என்று ஆராயச் செய்தார்.

1927 முதல் 1966 வரை அந்நகரின் தச்சர் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. வடிவமைப்பாளர் ஒருவரும் தச்சுப்பட்டறை ஆசான் ஒருவரும் இணைந்து அதில் பொருள்களை வைத்தனர். ஃபின் யூல் என்பவர் கட்டடக்கலைஞர். உளி பிடித்துப் பழகிய தச்சர் அல்லர். அவர் வரைந்த மெல்லிய வளைவுகளை மரத்தில் நிகழச் செய்தவர் நீல்ஸ் வோடர் என்னும் பட்டறை ஆசான். 1945-இல் அவர்கள் செய்த சாய்வு நாற்காலியின் கைப்பிடியைப் பாருங்கள்: நெடுங்காலம் கைபட்டுத் தேய்ந்த கருவிப்பிடிபோல அது மெலிந்து, விரிந்து, மீண்டும் மெலிகிறது. ஹான்ஸ் வெக்னர் செருப்புத் தைப்பவரின் மகன். பதினான்கு வயதில் ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தவர். அவரோடு இணைந்தவர் யொஹான்னெஸ் ஹான்சன் என்ற பட்டறை ஆசான். படம் வரைந்தவர் பெயரோடு இழைத்தவர் பெயரும் அந்த நாற்காலிகளுக்கு உரியதாக இன்றளவும் சொல்லப்படுவது கவனிக்கத்தக்கது. நம் வீட்டு நிலைக்கதவைச் செதுக்கியவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வெக்னர் 1949-இல் வட்ட நாற்காலி ஒன்றை அக்கண்காட்சிக்கு வைத்தார். கைப்பிடிகளும் முதுகுப்பட்டையும் ஒரே வளைவாக ஓடும் அமைப்பு அது. ஆனால் அந்த வளைவு ஒரே கட்டையால் ஆனதன்று; துண்டுகளை இணைத்துச் செய்தது. மர இழைகள் வளைவுக்குக் குறுக்கே அறுபட்டால் அவ்விடம் எளிதில் முறியும் என்பது தச்சர் எவருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே இணைப்பு தவிர்க்க முடியாதது. அந்த இணைப்பின் தோற்றம் வெக்னருக்கு நிறைவு தரவில்லை. முதலில் செய்த நாற்காலிகளில் முதுகுப்பட்டையின்மேல் பிரம்பைச் சுற்றினார். விரைவிலேயே வேறொரு வழி கண்டார். இரு துண்டுகளின் முனைகளையும் கோரைப்பற்கள்போல வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டினார். அந்த வளைந்து நெளிந்த கோட்டை எல்லாரும் பார்க்கும்படி திறந்தே விட்டார். மறைக்க வேண்டியதாக இருந்த இடமே அந்த நாற்காலியின் முகமாயிற்று. 1960 செப்டம்பர் 26 அன்று தொலைக்காட்சியில் விவாதித்த கென்னடியும் நிக்சனும் அமர்ந்தது இவ்வகை நாற்காலியில்தான்.

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பிரம்பு சுற்றிய நாற்காலி பொய், இணைப்பைக் காட்டிய நாற்காலி மெய் என்று சொல்லிவிட்டால் அது நீதியாகாது. மறைத்தல் வேறு, ஏய்த்தல் வேறு. மெத்தைக்கு அடியில் உள்ள சட்டம் மறைந்துதான் இருக்கிறது. சுவருக்குள் அடித்தளம் மறைந்துதான் இருக்கிறது. நம் உடலின் எலும்பையே தோல் மறைத்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மூடியிருப்பதை நீக்கிப் பார்க்கிறேன் என்று வாங்குபவர் சொன்னால், செய்தவர் தயங்காமல் இருப்பாரா? வெக்னரின் பிரம்பை அவிழ்த்தால் உள்ளே உறுதியான மூட்டு இருந்தது. ஆகவே அது மறைப்பு, ஏய்ப்பு அன்று. ஆனால், துளைக்கும் அதில் செருகிய முனைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளியை வைத்துவிட்டு, மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் பூசி விற்றால், அதைச் சுரண்டிப் பார்க்க யாரையும் அனுமதிக்க முடியாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின்மேல் தேக்கு வரிகள் அச்சிட்ட தாளை ஒட்டி, இன்னதென்று சொல்லி விற்பது பிழையன்று. தேக்கு என்று சொல்லி விற்பதே பொய்.

தேக்கு என்றவுடன் நினைவுக்கு வருவது ஒன்று. அந்த டேனிய நாற்காலிகளில் பல தேக்கால் ஆனவை. டென்மார்க்கில் தேக்கு வளர்வதில்லை. அது தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து கப்பலேறிச் சென்றது. ஐரோப்பியர் அம்மரத்தை அழைக்கும் சொல்லும் தமிழும் மலையாளமும் பேசும் நம் மண்ணிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றதே. வைரம் பாய்ந்த ஒரு தேக்கு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். எங்கோ ஒரு காட்டில், பெயர் தெரியாத கைகள் அதை வெட்டின. பெயர் தெரியாத தோள்கள் அதைச் சுமந்தன. அந்த மரத்திற்குத் தச்சர் செலுத்தக்கூடிய கடன் ஒன்றே: அது நின்ற காலத்திற்குக் குறையாத காலம் அதிலிருந்து செய்த பொருள் உழைக்க வேண்டும். ஐந்தாண்டில் குப்பைக்குப் போகும் நாற்காலிக்காக அறுபதாண்டு மரத்தை வெட்டுவது, வாங்குபவர் ஒப்புக்கொண்டாலும், நேர்மையான கணக்காகாது.

இக்கேள்விகளைக் கொல்லிமலையில் வைத்துச் சிந்திப்பதற்குக் காரணம் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இன்று பேருந்து வருகிறது. சாலை இல்லாத காலத்தில், 1913-ஆம் ஆண்டு, ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி எவெலினும் இம்மலையில் குடியேறினர். அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், பாப்திஸ்து சபையினர். நன்மை எங்கே செய்யப்பட்டதோ அங்கே அதை நன்மை என்று சொல்வதற்கு வேறு தகுதி தேவையில்லை. ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். அவர் அமைத்த மரவீட்டின் பகுதிகள் சமவெளியில் செய்யப்பட்டு, ஆட்களின் தோள்களில் மலையேறின. கறையான் அணுகாதபடி அந்த வீடு தூண்களின்மேல் நிறுத்தப்பட்டது. மருத்துவம், பள்ளி, விவசாயம் ஆகியவற்றோடு தச்சு வேலையையும் அவர் மலைவாழ் மக்களுக்குக் கற்பித்தார். 1929-இல் கொடிய காய்ச்சலுக்கு ஆளாகி இம்மலையிலேயே இறந்தார். எவெலின் முதிய வயதில் மீண்டும் இம்மலைக்கு வந்து தொண்டாற்றி, 1974-இல் மறைந்து, கணவரின் கல்லறைக்கு அருகே புதைக்கப்பட்டார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட். அவர் பிறந்தது 1914. வெக்னர் பிறந்ததும் அதே ஆண்டுதான். கொல்லிமலையில் வளர்ந்த அச்சிறுவன் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். தந்தையை மீண்டும் பார்க்கவில்லை. பள்ளிக்குப் பின் அவர் சேர்ந்தது மருத்துவக் கல்லூரியில் அன்று. தந்தையைப் போலவே தச்சு, கொத்து முதலிய கட்டட வேலைகளைச் சில ஆண்டுகள் கற்றார். பிறகே மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு அவர் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். மடங்கிப்போன விரல்களைக் கொண்ட நோயாளி ஒருவரிடம் தம் கையை அழுத்தச் சொன்னார். வலுவற்றிருக்கும் என்று எதிர்பார்த்த அந்தக் கை அவர் கையை நொறுக்குவதுபோல் இறுக்கியது. தசைகள் சில செயலிழந்திருந்தன. வேறு சில முழு வலிமையோடு இருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலோடு இணைத்தால் கை மீண்டும் விரியும் என்று அவர் கண்டார். மூட்டுகளையும் இழுவிசையையும் மரத்தில் படித்த கைகள் அவை. வெட்டுவதற்குமுன் அளப்பது, பொருளின் இயல்புக்கு எதிராகப் போகாமல் இருப்பது, இணைத்த இடம் எடையைத் தாங்குமா என்று முன்னரே எண்ணிப் பார்ப்பது ஆகியவை பட்டறைக்கும் அறுவை அறைக்கும் பொதுவானவை.

கை திருந்தியபின் வாழ்வு திருந்த வேண்டுமே. 1951-இல் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. சரிசெய்யப்பட்ட கைகளைக் கொண்ட இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினர். அங்கேதான் பெரிய உண்மை ஒன்று வெளிப்பட்டது. விரல்கள் நோயினால் தாமாக அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்தது. ஒவ்வொரு புண்ணையும் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது: சுத்தியல் பிடியை அளவுக்கு மேல் இறுகப் பற்றியது, சிம்பு ஏறியது தெரியாமல் வேலை செய்தது, சூடான பாத்திரத்தைத் தொட்டது. வலி தெரியாததால் கை தன்னைத் தானே அழித்துக்கொண்டது. ஆகவே கருவிகளின் பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. ஒவ்வொரு நாளும் கைகள் சோதிக்கப்பட்டன.

இந்த இரண்டு பட்டறைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோபன்ஹேகனில், அமரப்போகிறவரின் முழங்கைக்காகக் கைப்பிடி இழைக்கப்பட்டது. வேலூரில், இழைப்பவரின் உள்ளங்கைக்காகச் சுத்தியல் பிடி இழைக்கப்பட்டது. இரண்டும் ஒரே கவனம்தான். ஆனால் இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம். பொருளைப் பயன்படுத்துபவரின் வசதியைப் பற்றிப் பேசாத விளம்பரம் இல்லை. அதைச் செய்பவரின் கையைப் பற்றிப் பேசும் விளம்பரம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் தோமையார் சொன்ன நீதி இருவழிப் பாதை என்பது விளங்குகிறது. நம்பகமான வேலை தச்சர் நமக்குப் பட்டிருக்கும் கடன் என்றால், நம்பகமான கூலி நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன். வீடு கட்டும்போது சிமெண்டுக்கும் கம்பிக்கும் பேரம் பேச முடியாதபோது, தச்சர் கூலியிலே அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? பத்து நாள் வேலைக்கு ஆறு நாள் கூலி பேசுகிறோம். புதுமனை புகுவிழாவுக்குள் முடிய வேண்டும் என்று நெருக்குகிறோம். மீதி நான்கு நாளை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? மரத்தூளும் பசையும் அடைத்த அந்த இடுக்கிலிருந்துதான். அந்த நாற்காலி சொல்லும் பொய்யை அவர் மட்டும் சொல்லவில்லை. நாமும் சேர்ந்து சொல்கிறோம். அறுவடை செய்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுவதாகப் புனித யாக்கோபு எழுதியது வயல்களுக்கு மட்டும் பொருந்துவதன்று.

இதற்கு எதிராக ஒரு நியாயமும் உண்டு. இத்தனை கவனத்தோடு செய்தால் விலை ஏறும், ஏழைக்கு எட்டாது, மலிவான பிளாஸ்டிக் நாற்காலி வந்தபிறகுதானே குடிசையிலும் விருந்தினர் அமர இடம் கிடைத்தது என்று கேட்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. டேனிய நாற்காலிகளில் பல இன்று செல்வந்தரின் சேகரிப்புப் பொருள்களாகிவிட்டன. ஆயினும் அதே நாட்டில், அதே 1914-இல் பிறந்த பேர்யே முவன்சன் என்ற இன்னொரு தச்சர் இருந்தார். 1942 முதல் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பின் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். தொழிலாளர் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில், உறுதியான, அலங்காரமற்ற பொருள்களை வடிவமைப்பதே அவர் பணி. 1947-இல் அவர் வடிவமைத்த எளிய நாற்காலியை மக்கள் நாற்காலி என்றே அழைத்தனர். உருவத்தைத் தோராயமாக வெட்ட இயந்திரம், கடைசி இழைப்புக்குக் கை என்று அந்நாட்டுப் பட்டறைகள் பிரித்துக்கொண்டன. எளிமைக்கும் ஏய்ப்புக்கும் இடையே இடமில்லை என்பது உண்மையன்று. அங்கே நிறைய இடம் இருக்கிறது. குறைந்த மரம், குறைந்த அலங்காரம், குறையாத இணைப்பு என்று அந்த இடத்தைச் சொல்லலாம். பிளாஸ்டிக்கும் தன்னைப் பிளாஸ்டிக் என்றே காட்டிக்கொண்டு பத்தாண்டு உழைக்குமானால் அதை நான் இகழமாட்டேன்.

ஓய்வைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் சாய்வு நாற்காலி நெடுங்காலம் அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது. நீண்ட கைகளின்மேல் கால் நீட்டிப் படுத்திருக்கும் பண்ணையாரும், கைகட்டி எதிரே நிற்பவரும் நமக்குப் பழகிய காட்சி. அதைச் செய்த தச்சர் அதில் ஒருநாளும் அமர்ந்திருக்க மாட்டார். ஆனால் இதே தமிழ் மண்ணில் வேறொரு மரபும் இருந்தது. முன்பின் அறியாத வழிப்போக்கருக்காகத் தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டினார்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். பண்ணையாரின் சாய்வு நாற்காலி எதிரே நிற்பவரைக் கேட்டது: நீ யார்? சுமைதாங்கி அதைக் கேட்கவில்லை. உன் சுமை எவ்வளவு என்று மட்டுமே கேட்டது.

நாசரேத்தூரில் செய்யப்பட்ட எந்தப் பொருளைப் பற்றியும் நற்செய்தியாளர்கள் எழுதவில்லை. இயேசு கலப்பைகளும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தின் குறிப்பிடுகிறார். இரண்டுமே அலங்காரப் பொருள்கள் அல்ல. நுகத்தடியின் உட்பக்கம் சரியாக இழைக்கப்படாவிட்டால் அது மாட்டின் கழுத்தை அறுக்கும். அதை வாங்குகிறவர் உணரமாட்டார், மாடு மட்டுமே உணரும். முறையிட முடியாத ஓர் உயிருக்காக, யாரும் தடவிப் பார்க்காத உட்பக்கத்தை இழைப்பதுதான் நம்பகமான வேலை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக நிறுவினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய திருமடலில், வேலையின் மதிப்பு முதன்மையாகச் செய்யும் பொருளில் அன்று, அதைச் செய்கிறவர் மனிதர் என்பதில்தான் இருக்கிறது என்று விளக்கினார்.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இவ்வாறு அமையலாம். நல்ல நாற்காலி ஒன்று அதைச் செய்தவர் புனிதர் என்று நமக்கு நிரூபிப்பதில்லை. ஆனால் அந்த நாற்காலியைச் செய்த நேரத்தில், தாம் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒருவரின் முதுகுக்கு உரியதை அவர் கொடுத்தார் என்பதை அது நிரூபிக்கிறது. அவருக்கு உரியது கொடுக்கப்பட்டதா என்பதை அந்த நாற்காலியால் சொல்ல முடியாது. அதில் அமர்ந்திருப்பவர்தாம் சொல்ல வேண்டும்.